விறைத்த காலுக்குச் சுடுதண்ணி வேண்டாம்

கேள்வி: இரணைமடுப் பக்கம் வயல் செய்கிறேன். வயது 58. பல வருடமாகச் சலரோகம். இரவில் பாதம் குளிர்ந்து விறைக்கிறது. சுடுதண்ணியில் கால் வைத்தால் இரத்த ஓட்டம் கூடும் என்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. தணலில் காலைக் காட்டுவதும் வேண்டாம்.

பாதத்தின் மயிர்த்துளைக் குழாய்கள் எனும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள், செங்குருதிக் கலங்கள் ஒவ்வொன்றாக நெருக்கிக்கொண்டு போகும் அளவுக்கு ஒடுக்கமானவை. சீனி நெடுநாள் கூடியிருந்தால் இவற்றின் சுவர் தடிக்கும், தேவைக்கேற்ப விரியவும் மாட்டாது. நரம்புகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் இப்படியான நுண்குழாய்கள்தான். அதனால் நரம்பும் பழுதாகி விறைப்பு வருகிறது. வியர்வைக்கான நரம்பு கெட்டால் தோல் காய்ந்து குதிக்கால் வெடிக்கும். அந்த வெடிப்பால்தான் சேற்றுக் கிருமி உள்ளே போகிறது.

சூடு பட்டால் தோலுக்குக் கூடுதல் ஒட்சிசன் தேவை. நல்ல கால் என்றால் குழாய் விரிந்து அதைக் கொடுக்கும். உங்கள் காலால் அது முடியாமல் போகலாம். பொக்குளம் போட்டாலும் உங்களுக்குத் தெரியாது. குளிருக்கு ஒரு பருத்திக் காலுறை போதும்.

இன்னொன்று. குளிர்வதுபோல் இருப்பதெல்லாம் இரத்தம் குறைந்ததால் அல்ல. வீட்டில் ஒருவரைப் புறங்கையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குச் சூடாகத் தெரிந்தால், பெரும்பாலும் நரம்புதான் பொய் சொல்கிறது. உண்மையிலேயே குளிர்ந்து, நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறது என்றால், மேலே பெரிய நாடி, அதாவது காலுக்கு இரத்தம் கொண்டுவரும் பெரிய குழாய், ஒடுங்கியிருக்கலாம். பெரிய வாய்க்கால் அடைபட்டால் வயலுக்குள் இருக்கும் சின்ன வாய்க்காலைத் துப்புரவாக்கி என்ன பயன்? "சின்ன இரத்தக் குழாய் அடைச்சிட்டுது, இனி ஒன்றும் செய்யேலாது" என்று பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை. பெரிய நாடியின் அடைப்பைப் பலருக்குத் திறக்கலாம், மாற்றுவழியும் போடலாம்.

கிளினிக்கில் பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நைலோன் இழையால் தொட்டு உணர்வையும் பார்ப்பார்கள். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து 0.9க்குக் குறைந்தால் நாடி ஒடுங்கியிருக்கிறது. சலரோகக்காரருக்கு நாடி இறுகி அந்த எண் நல்லதுபோலவும் காட்டும். அப்போது கால்விரலில் அளக்க வேண்டும்.

சுருட்டு, பீடி இருந்தால் விடுங்கள். வயலால் வந்ததும் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். எண்ணெய் பூசலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். போரில் ஒரு காலை இழந்து சலரோகமும் உள்ளவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மிஞ்சிய காலே முழுப்பாரமும் தாங்குவதால், அவர்கள் ஒரு நாளும் இதைத் தவறவிடக் கூடாது.

நோகாத புண், கறுத்த விரல், சிவந்த வீக்கம் எதைக் கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கால் திடீரென வெளிறிக் குளிர்ந்து வலித்தால் நடுச்சாமம் என்றாலும் உடனே வாகனம் பிடியுங்கள். கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்க வேண்டாம்.