ரஷ்ய நிலக்காட்சி ஓவியங்களில் பனி ஏன் நீலமாகத் தெரிகிறது? அதை எண்ணெய் வண்ணத்தில் எப்படித் தீட்டுவது?

வெயில் படாத பனிக்கு ஒளி தருவது வானம்தான். அதனால் நிழல் நீலமாகிறது. ரஷ்ய ஓவியர் லெவித்தானின் 'மார்ச்' (1895) ஓவியத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். இன்னொரு ரஷ்ய ஓவியர் கிராபார் தன் 'பிப்ரவரி நீலம்' (1904) ஓவியத்துக்காகப் பனியில் பள்ளம் தோண்டி, அதற்குள் நின்று தீட்டினார். இன்றும் இம்மரபினர் முதலில் திறந்தவெளியில் சிறு முன்வரைவு தீட்டுகிறார்கள்.

25×35 செ.மீ. அட்டை போதும். டர்பன்டைனில் (எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் திரவம்) நீர்க்கக் கரைத்த மஞ்சள் காவியை முதலில் பூசுங்கள். வெற்று வெள்ளை அட்டையில் பனி எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருள் என்று கணிக்க முடியாது. பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்து வானம், பனி, காடு மூன்றையும் ஒப்பிடுங்கள். வெயில் நாளில் நீல வானத்தைவிட வெயில் படும் பனி வெளிச்சமானது. மேகமூட்டத்தில் பெரும்பாலும் வானமே வெளிச்சமானது. இந்த வரிசை பிசகினால் எந்த நிறமும் காப்பாற்றாது.

வெயில் பனிக்கு டைட்டானியம் வெள்ளையுடன் துளி மஞ்சள் காவி. நிழலுக்கு வெள்ளை, அல்ட்ராமரின் (அடர்நீலம்), கூடவே நீலத்தின் பளபளப்பை அடக்கத் துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). நிழலை மெல்லியதாகவும் வெளிச்சத்தைத் தடிமனாகவும் வையுங்கள்.

பலரும் சறுக்குவது இரண்டு இடங்களில். எல்லாப் பனியையும் தூய வெள்ளையில் தீட்டினால் மினுக்கத்துக்கு மிச்சம் இருக்காது, சுண்ணாம்பு அடித்தது போலாகும். நிழலை அதிகம் இருட்டினால் தரையில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். இருண்ட மரத்தண்டைவிட நிழல் வெளிறியே இருக்க வேண்டும்.

குளிரில் வண்ணம் இறுகும். குழாய்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.