பட்டறைப் பக்கம்: சிக்னலில் அணையும் வண்டி

கே: என்னுடையது 2021 மாடல் 160 சிசி எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) பைக். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், விட்டால் அணைந்துவிடுகிறது. சூடான பிறகும் சிக்னலில் அடிக்கடி நின்றுபோகிறது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. ஐடிலை (ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை) பார்த்துக்கொள்ளும் மோட்டார் போய்விட்டது, த்ராட்டில் பாடியோடு (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகத்தோடு) மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஸ்லோ ஸ்குரூவைத் திருகினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?
(வாசகர், ஈரோடு)

ப: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். நண்பரை முதலில் தள்ளி வையுங்கள். ஐடிலைக் கூட்டிக் குறைக்க நீங்கள் கார்புரேட்டரில் பார்த்துப் பழகிய ஸ்லோ ஸ்குரூ வேறு. உங்கள் த்ராட்டில் பாடியில் பெயின்ட் புள்ளி வைத்திருக்கும் ஸ்குரூ, பட்டர்ஃபிளை (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) எந்த இடத்தில் மூடி நிற்க வேண்டும் என்று தொழிற்சாலையில் வைத்த அளவு. அதைத் திருகினால் பட்டர்ஃபிளை லேசாகத் திறந்தே நிற்கும். த்ராட்டில் சென்சார் அதைப் பார்த்து 'ஓட்டுபவர் முறுக்கியிருக்கிறார்' என்று சொல்லும். அப்புறம் ஈசியூ (இன்ஜினை நிர்வகிக்கும் கணினி) ஐடிலைக் கவனிப்பதையே விட்டுவிடும். இப்படி யாரோ திருகிய வண்டிகளைச் சரிசெய்வதில்தான் என் நேரம் அதிகம் போகிறது.

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கையை எடுத்ததும் பட்டர்ஃபிளை மூடிக்கொள்கிறது. இன்ஜின் உயிரோடு இருக்கத் தேவையான காற்று பக்கத்தில் ஒரு சிறு வழியாகப் போகிறது. அந்த வழியில் ஒரு கூம்பு முனை உள்ளே வெளியே நகரும். நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார், அதாவது படிப்படியாகத் திரும்பும் மோட்டார். தண்ணீர்க் குழாயைச் சிறிது சிறிதாகத் திறந்து மூடுகிற கதைதான். இன்ஜின் குளிர்ந்திருந்தால் ஈசியூ அதிகம் திறக்கும், சூடாக ஆக மூடிக்கொண்டே வரும். முன்பு சோக் செய்த வேலையில் பாதியை இதுதான் செய்கிறது.

இதில் ஒரு சங்கதி உண்டு. முனை எங்கே நிற்கிறது என்று பார்க்க இந்த மோட்டாரில் சென்சார் கிடையாது. ஈசியூ ஒரு ஓரம் வரை தள்ளி அதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து படிகளை எண்ணுகிறது. முனையில் கரி பிடித்து இரண்டு படி சிக்கினால் எண்ணிக்கை தப்பிவிடும்; ஈசியூவுக்கு அது தெரியவே தெரியாது. ஒயர் அறுந்தாலோ சுருள் எரிந்தாலோதான் பெரும்பாலும் விளக்கு எரியும். உங்கள் வண்டியில் விளக்கு எரியவில்லை என்பதால், கரி, காற்று, பேட்டரி ஆகிய மூன்றின் மேல்தான் என் சந்தேகம்.

பேட்டரியை முதலில் பாருங்கள். ஒரு ராத்திரி நின்ற பிறகு 12.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் விழுந்தால் ஸ்டெப்பர் படி தவறும். அடுத்து ஏர் ஃபில்டர். ஆக்ஸிலரேட்டர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினால் ரேஸ் மாறுகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு காற்றுக் கசிவு. த்ராட்டில் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வெடித்திருக்கலாம். பெட்ரோல் ஆவியை வாங்கும் கேனிஸ்டரிலிருந்து வரும் சின்னக் குழாய் கழன்றிருக்கலாம். வாட்டர் சர்வீஸில் பலமுறை அது கழன்று வந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்ஜின் ஓடும்போது இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஐடில் மாறினால் அந்த இடம்தான். சூடான இன்ஜினில் கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தீப்பிடிக்கும், வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தால் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போய், ஐடிலில் ஈசியூ எத்தனை படி திறக்கச் சொல்கிறது என்று கேளுங்கள். நான் முக்கியமாக நினைப்பது இந்த எண்ணைத்தான். ஈசியூ நிறையத் திறக்கச் சொல்லியும் நிமிடத்துக்கு 1400 சுற்று வரவில்லை என்றால் வழி அடைத்திருக்கிறது, அல்லது முனை நகரவில்லை. கிட்டத்தட்ட முழுதாக மூடச் சொல்லியும் 2500-இல் நின்றால் காற்று வேறு எங்கோ நுழைகிறது. அங்கே புது மோட்டார் போட்டும் புண்ணியம் இல்லை. இந்த எண்ணைப் பார்க்காமல் 'மோட்டார் போச்சு' என்று சொல்வது ஊகம்தான்.

கழற்றிச் சுத்தம் செய்வதாக இருந்தால் சாவியை ஆஃப் செய்து, சில நொடி பொறுத்து, பேட்டரியைப் பிரித்த பிறகு செய்யுங்கள். காற்று வழியில் கிளீனர் அடிக்கலாம். மோட்டாரை அதில் ஊற வைக்காதீர்கள். முனையைத் துணியால் துடைத்தால் போதும். கையால் முனையை இழுக்கவும் அழுத்தவும் கூடாது, உள்ளே இருக்கும் திருகு பல் தேய்ந்துவிடும். வெளியே தொங்கவிட்டுச் சாவி போட்டால் முனை கழன்று விழவும் கூடும். பழைய ஓ-ரிங்கை மாற்றிவிடுங்கள். மாட்டிய பிறகு ஈசியூவை மறுபடி பழக்கும் முறை மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் மேனுவல்படி செய்யச் சொல்லுங்கள்.

மோட்டாரை மாற்றத்தான் வேண்டும் என்றால், மல்டிமீட்டர் வைத்துச் சோதித்த பிறகு மாற்றுங்கள். நான்கு பின் உள்ள மோட்டாரில் இரண்டு சுருள். இரண்டும் ஏறக்குறைய ஒரே ஓம் காட்ட வேண்டும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் தொடர்பு இருக்கக் கூடாது, மோட்டாரின் உலோக உடலோடும் கூடாது. ஒரு சுருள் அறுந்திருப்பதாக மீட்டர் காட்டினால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, செலவு செய்யுங்கள். கனெக்டரில் பச்சைப் பாசி பிடித்திருக்கிறதா என்பதை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சில மாடல்களில் மோட்டார் தனியாகக் கிடைக்காது என்பது உண்மைதான். பார்ட் நம்பரை வைத்து நீங்களே விசாரியுங்கள்.

கே: சாவி போட்டதும் சீட்டுக்குக் கீழே 'கிர்ர்' என்று ஒரு சத்தம். ஆஃப் செய்த பிறகும் ஒரு நொடி கேட்கிறது. கோளாறா?
(வாசகி, நாகர்கோவில்)

ப: இல்லை. மேலே சொன்ன பூஜ்யம் பார்க்கும் வேலை அதுதான். டாங்க் பக்கம் இரண்டு மூன்று நொடி 'உய்ங்' என்று கேட்டால் அது பெட்ரோல் பம்ப். எப்போதும் கேட்கிற 'கிர்ர்' ஒருநாள் கேட்காமல் போனால்தான் பட்டறைக்கு வாருங்கள்.

கே: என் பைக் ரைடு-பை-வயர் (ஆக்ஸிலரேட்டர் கேபிளுக்குப் பதில் ஒயர்). ஐடில் மோட்டார் எங்கே இருக்கிறது என்று தேடியும் கிடைக்கவில்லை.
(வாசகர், ஓசூர்)

ப: தேட வேண்டாம், தனியாக இல்லை. பட்டர்ஃபிளையைத் திருப்புகிற மோட்டாரே ஐடிலையும் பார்த்துக்கொள்கிறது. உங்கள் வண்டியில் ஐடில் ஆடினால் பட்டர்ஃபிளை ஓரத்தில் கரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விரலால் அதைத் தள்ளித் திறக்க விடாதீர்கள்.