வயிற்றுவழி டயாலிசிஸில் வடியும் தண்ணீர் ஏன் கலங்குகிறது?

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்றுக்குள் குழாய் வழியாகத் திரவம் விட்டு, உட்சவ்வு வழியே கழிவு அதில் இறங்கியதும் வடிப்பதுதான் இந்த டயாலிசிஸ். பெரிய தொல்லை கிருமித்தொற்று. அந்தக் குழாய் பூட்டில்லாத பின்வாசல் மாதிரி, பை மாற்றும்போது அதன் முனையில் கை பட்டால் போதும், கிருமி நேராக உள்ளே போய்விடும். அதனால்தான் சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் எவ்வளவு புழுக்கமானாலும் அந்த நேரம் ஜன்னலைச் சாத்தி ஃபேனை நிறுத்தச் சொல்கிறார்கள். வடிந்த பையைத் தமிழ் முரசு நாளிதழ் மேல் வைத்துப் பாருங்கள், எழுத்து தெரியாத அளவுக்குக் கலங்கியிருந்தால் அது பெரும்பாலும் தொற்றின் அடையாளம், வயிறு வலிக்காவிட்டாலும் சரி, பையோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் சர்க்கரையும் எடையும் ஏறலாம், குடலிறக்கமும் வரலாம். அப்புறம், ஒருமுறை தொற்று வந்தாலே இந்த டயாலிசிஸ் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கை அதே திரவத்தில் கலந்து விட்டே சரிசெய்துவிடுவார்கள்.