நூற்பாலை விடுதிக்கு நீங்கள் சாட்சியா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். எங்கள் பொருளில் எந்தக் கட்டத்திலும் கட்டாய உழைப்பு இல்லை என்று ஐரோப்பிய பையர் (சரக்கு வாங்குபவர்) ஒருவர் உறுதிமொழிக் கடிதம் கேட்கிறார். என் தையல் கூடத்தில் அப்படி எதுவும் கிடையாது. நூல் மட்டும் திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் வாங்குகிறேன். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள். உங்கள் தையல் கூடத்துக்கு நீங்கள் சாட்சி சொல்லலாம். மில் விடுதிக்குள் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

பையர் வீம்புக்குக் கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய விதி 2027 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வருகிறது. பஞ்சிலிருந்து பொத்தான் வரை எந்தக் கட்டத்தில் கட்டாய உழைப்பு கலந்திருந்தாலும் அந்தப் பொருளை அங்கே விற்க முடியாது.

கட்டாய உழைப்பு என்றதும் பூட்டிய அறையும் அடியாளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது.

நம் வட்டாரத்து வடிவம் உங்களுக்கே தெரிந்ததுதான்: சுமங்கலித் திட்டம். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இடையில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பிய பெண்ணுக்குப் பெரும்பாலும் வெறுங்கை. பெயர் கெட்டுப்போனதால் இப்போது அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. 'கேம்ப் கூலி' என்பார்கள், பயிற்சி என்பார்கள். நீங்கள் பெயரை விட்டுவிட்டுப் பணத்தைப் பாருங்கள்.

மில்லுக்கு நேரில் போங்கள். சான்றிதழைக் காட்டித் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதோடு திரும்பாதீர்கள். ஊதியப் பதிவேட்டையும் வங்கியில் வரவான தொகையையும் ஒப்பிடுங்கள். கையில் தராமல் பிடித்து வைத்திருக்கும் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். பி.எஃப். கட்டப்படுகிறதா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் கொண்டுவரும் ஏஜென்ட் அவர்களிடம் முன்பணம் வாங்கினாரா, ஆதார் அட்டை யார் கையில் இருக்கிறது? எல்லாவற்றையும்விட, ஞாயிற்றுக்கிழமை விடுதி வாசலில் நின்று பாருங்கள். வார்டன் துணையில்லாமல் ஒரு பெண் கடைக்குப் போய்வர முடியாவிட்டால் மற்ற பதில்களுக்கு மதிப்பில்லை. பெண்களிடம் பேச நீங்கள் போகாதீர்கள். அவர்கள் மொழி பேசும் ஒரு பெண்ணை, மில்லுக்கு வெளியே வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

தவறு தெரிந்தால் அன்றே ஆர்டரை ரத்து செய்து கையைக் கழுவிவிடாதீர்கள். பலரும் செய்யும் பிழை இது. மில் தள்ளாடினால் முதலில் போவது அந்தப் பெண்களின் பாக்கிதான். வேலை செய்த மாதங்களுக்கான தொகையைக் கணக்கிட்டு வங்கியில் செலுத்தவும், வாசலைத் திறந்துவிடவும் கெடு வையுங்கள். கெடு தாண்டினால் அப்போது விலகுங்கள்.

இது நடக்காத காரியமல்ல. 2022 ஜூலையில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. அதற்கு முன்பே, ஏப்ரலில், பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கத்தோடு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தாகியிருந்தது. தொழிலாளரே கண்காணித்துப் புகார் சொல்லும் ஏற்பாடு அதில் இருந்தது. செப்டம்பரில் தடை நீங்கியது.

பையருக்கு 'எதுவும் இல்லை' என்று எழுதாதீர்கள். எந்த மில், எந்தத் தேதியில் போனீர்கள், என்ன கண்டீர்கள், எதைத் திருத்தச் சொல்லியிருக்கிறீர்கள், சாயப்பட்டறையையும் ஜாப் ஒர்க் கூடங்களையும் எப்போது பார்ப்பீர்கள் என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.