சுக்குக்காப்பிக்குக் காப்பித்தூள் எதற்கு? நெல்லைச் சமையல் கேள்வி பதில்

வள்ளியூர் வாசகி: அண்ணாச்சி, சுக்குக்காப்பிக்குக் காப்பித்தூள் எவ்வளவு போடணும்? பால் ஊத்தினா திரிஞ்சு போகுதே?

காப்பித்தூளே வேண்டாம்மா. சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு, கருப்பட்டி சேர்த்து வடிகட்டினால் போதும். பால் இல்லாமல் குடிப்பதுதான் முறை. பால் வேண்டுமென்றால் கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, பாலை அடுப்பிலிருந்து இறக்கின பிறகு டம்ளரில் கலக்குங்க. இரண்டையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால்தான் திரியும்.

தென்காசி: சொதி குழம்பா, குருமாவா? எனக்கு எண்ணெய் பிரிஞ்சு வருது.

இரண்டும் இல்லை. புளியும் மசால்பொடியும் சேராததால் குழம்பாகாது. தேங்காயை அரைத்து ஊற்றாததால் குருமாவும் ஆகாது. பிழிந்த தேங்காய்ப்பாலிலேயே காய் வேகணும், அதுதான் சொதி.

நாலு பேருக்கு ஒரு பெரிய தேங்காய், 100 கிராம் பாசிப்பருப்பு. மூன்று தடவை பால் பிழிந்து, முதல் பாலைத் தனியாக வையுங்க. மற்ற இரண்டு பாலிலும் உருளை, கேரட், பீன்ஸ், முருங்கைக்காயை வேகவிடுங்க. வெந்த பருப்பு, அரைத்த இஞ்சி, பச்சைமிளகாய், உப்பு சேருங்க. கடைசியில் தீயைக் குறைத்து முதல் பால். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிடணும். தளதளவென்று கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் மேலே நிற்கும். உங்களுக்கு நடப்பது இதுதான். எலுமிச்சைச் சாற்றைச் சூடு தணிந்த பிறகு பிழியுங்க. தொட்டுக்க இஞ்சித் துவையல் கட்டாயம் வேணும்.

பாளையங்கோட்டை: பனங்கிழங்கு கிழங்கே இல்லைன்னு என் மகன் சொல்லுதானே?

சரியாகத்தான் சொல்லுதான். உருளைக்கிழங்கு தண்டு, மரவள்ளி வேர். பனங்கிழங்கோ புதைத்த கொட்டையிலிருந்து முளைக்கிற இளங்கன்று, மாவுச்சத்து சேர்ந்து தடித்தது. நடுவில் உருவி எறிகிற குருத்து அதன் இலை. கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சுபோல் இனிக்கிறது தவுண்.

சங்கரன்கோவில்: விரதத்துக்கு அரிசி கூடாது. ஜவ்வரிசி ஆகுமா?

ஆகும். பேரில்தான் அரிசி, நம்ம கடைகளில் விற்பது மரவள்ளி மாவில் உருட்டியது.

அம்பை: அண்ணாச்சி, கோதுமை மாவில் அல்வா கிண்டினேன், களி மாதிரி ஆயிட்டு.

அல்வாவுக்கு மாவு ஆகாது, பால்தான். 250 கிராம் சம்பா கோதுமையை ராத்திரி ஊறவைத்து அரைத்து, மூன்று தடவை பால் பிழியுங்க. ஆறு மணி நேரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்த நீரைக் கொட்டிடுங்க. முக்கால் கிலோ சீனி போதும். அரைக் கிலோ நெய்யைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டு, குடித்த நெய்யைத் திரும்பக் கக்கும்வரை கிண்டணும்.