கிண்ணத்துக்குப் பின்னால் இருப்பவர்கள்

வணக்கம் ஐயா,

டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள ஜப்பானிய நண்பர்களோடு சேர்ந்து இரண்டு நாள் கைவினைச் சந்தை நடத்தப்போகிறோம். வஜிமா ஊரின் உருஷிப் பாத்திரங்கள்தான், அதாவது உருஷி மரத்தின் பாலைப் பூசிய மரப் பாத்திரங்கள்தான், அதில் முக்கியம். நியாயமான சந்தை என்றால் கமிஷனே வாங்கக் கூடாது, கடை வாடகை மட்டும் போதும் என்கிறார் ஒரு நண்பர். உங்கள் கருத்து என்ன?

ச., டோக்கியோ

அன்புள்ள ச.,

கமிஷன் தாராளமாக வாங்குங்கள், எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு. வாடகை மட்டும் என்றால், ஒன்றும் விற்காமல் திரும்புகிறவருக்குத்தான் பெரிய அடி. நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு.

மத்சுமோட்டோ நகரில் 1985 முதல் மே மாதக் கடைசியில் ஒரு கைவினைச் சந்தை நடக்கிறது. செய்தவரே தன் பொருளோடு நின்று விற்பார். தனியாக வனைந்து சுடுகிற குயவருக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் வஜிமாவில் ஒரு கிண்ணம் ஒருவர் கையில் முடிவதில்லை. மரத்தைக் கடைபவர் ஒருவர். விளிம்பில் துணி ஒட்டி, சுட்டு அரைத்த மண்பொடியை உருஷியில் குழைத்து அடிப்பூச்சு போடுபவர் இன்னொருவர். அப்புறம் தேய்ப்பவர், மேல்பூச்சுக்காரர், தங்கப்பொடியில் சித்திரம் எழுதுபவர். மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். உங்கள் கடையில் வந்து நிற்கப்போகிறவர் இவர்களில் ஒருவர், அல்லது இவர்களை வைத்து வேலை வாங்கும் வியாபாரி. மற்றவர்களுக்கு நியாயம் கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

உருஷி எடுப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவாத்தே மாகாணத்து ஜோபோஜியில், பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த மரத்தை ஜூன் தொடங்கி இலையுதிர்காலம் வரை சில நாட்களுக்கு ஒருமுறை கீறுகிறார்கள். ஒரு மரத்துக்குக் கிடைப்பது சுமார் 200 மில்லி பால். அத்தோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். ஜப்பானில் பயன்படும் உருஷியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. அதில் குறை ஒன்றும் இல்லை, பொருளோடு வைக்கும் அட்டையில் அப்படியே எழுதிவிடுங்கள். கடைந்தவர் பெயரையும் அடிப்பூச்சு போட்டவர் பெயரையும் அவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஜப்பானின் 1974 சட்டத்தின் கீழ் ஒட்டப்படும் பாரம்பரியக் கைவினை முத்திரை, செய்முறைக்கும் மூலப்பொருளுக்கும்தான் சாட்சி. கடைசல்காரருக்குக் கூலி வந்ததா என்று அது சொல்லாது.

அடுத்தது பணம். விற்றால் காசு, விற்காவிட்டால் சரக்கு திரும்பும் என்ற ஏற்பாட்டில் நஷ்டமெல்லாம் செய்தவர் தலையில் விழுகிறது. முடிந்தவரை மொத்தமாக வாங்கி விற்றுவிடுங்கள். முடியாவிட்டால், சந்தை முடிகிற அன்றே கணக்கைத் தீர்த்துவிடுங்கள். 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்திலும் தீயிலும், அதே ஆண்டு செப்டம்பர் வெள்ளத்திலும் பட்டறையை இழந்தவர்கள் வஜிமாவில் இருக்கிறார்கள். மூன்று மாதம் காத்திருங்கள் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. அதற்காக நிலநடுக்கப் படங்களை ஒட்டி இரக்கத்தில் விற்கவும் வேண்டாம். நல்ல கிண்ணத்துக்கு அது அவமானம். பேரம் பேசி விலையைக் குறைப்பதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

ஒரு மேஜையைப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்குங்கள். விளிம்பு உடைந்த, பூச்சு தேய்ந்த பழைய கிண்ணங்களை மக்கள் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும். உருஷியைத் திரும்பப் பூசலாம். சந்தை முடிந்த பிறகும் அடிப்பூச்சுக்காரருக்குப் பல மாதம் வேலை இருக்கும். அந்தக் கூலியில் மட்டும் கமிஷன் எடுக்காதீர்கள்.