மாறுகண் ஆபரேஷனுக்குப் பின் ஏறிய சிலிண்டர் பவர்

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. உள்பக்கம் இழுத்த மாறுகண்ணுக்கு இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கத் தசையைப் பின்தள்ளித் தைத்து ஐந்து வாரம் ஆகிறது. கண் நேராகிவிட்டது. ஆனால் கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்தபோது, வலது கண்ணில் மைனஸ் 0.50 ஆக இருந்த சிலிண்டர் (கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளையாததைச் சரிசெய்யும் பவர்) மைனஸ் 1.25 என்று வந்தது, ஆக்சிஸ் (அந்தப் பவர் அமையும் கோணம்) 180. தசையில்தானே கை வைத்தார்கள், பவர் எப்படி ஏறும்? புதுக் கண்ணாடி போடலாமா?

பதில்: வணக்கம். இப்போது புதுக் கண்ணாடி வேண்டாம். பழையதையே, தூங்கும் நேரம் தவிர, போட்டிருக்கட்டும்.

மூக்குப் பக்கத் தசை, கருவிழியின் (கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போலிருக்கும் பகுதி) விளிம்பிலிருந்து சுமார் 5.5 மி.மீ. தள்ளித்தான் வெள்ளைவிழியில் பதிந்திருக்கிறது. அதைப் பிரித்துச் சில மி.மீ. பின்னால் தைத்ததும் அந்த இடத்து இழுப்பு மாறுகிறது. வெள்ளைவிழியும் கருவிழியும் இடைவெளியில்லாத ஒரே சுவர் என்பதால் கருவிழியின் வளைவும் லேசாக மாறும். வழக்கமாகப் படுக்கைவாட்டில் தட்டையாகி, நெடுக்குவாட்டில் கூடும். 180-இல் மைனஸ் சிலிண்டர் ஏறுவது அதனால்தான். பெரும்பாலும் சிறிய மாற்றம், சில மாதங்களில் ஓரளவு குறைந்தும்விடும்.

ஆனால் 0.75 ஏற்றம் சற்று அதிகம், அந்த எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஐந்தாவது வாரத்தில் தையல் முழுதும் கரைந்திருக்காது. விக்ரில் நூல் என்றால் 56 முதல் 70 நாள் ஆகும். தையல் மேட்டின் அருகே கண்ணீர் சமமாகப் பரவாவிட்டால் கருவி தப்பாகப் படிக்கும். குழந்தை தலையைச் சாய்த்தாலும் ஆக்சிஸ் மாறும்.

ஆஸ்பத்திரி ஃபைலில் பழைய கெரட்டோமெட்ரி அளவு, அதாவது கருவிழி வளைவின் அளவு, இருக்கிறதா பாருங்கள். உதாரணமாக, முன்பு படுக்கைவாட்டில் 43.00, நெடுக்குவாட்டில் 43.50 என்றிருந்தது இப்போது 42.50, 43.75 என்றால், வித்தியாசம் 0.50-லிருந்து 1.25 ஆகிறது, மாறியது கருவிழிதான். அந்த அளவு மாறாமல் கண்ணாடிப் பவர் மட்டும் ஏறியிருந்தால் பரிசோதனையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது மாதம் சொட்டு மருந்து விட்டு, கண் டாக்டரிடமே பவர் பாருங்கள். அதைக் கொண்டு கண்ணாடி எழுதட்டும். சோம்பேறிக் கண்ணுக்குப் பேட்ச் கட்டச் சொல்லியிருந்தால் நிறுத்தாதீர்கள். எந்தக் கண்ணிலாவது பார்வை குறைவதாகத் தெரிந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

வலி, வெளிச்சத்தில் கூச்சம், கருவிழி ஓரத்தில் குழி போன்ற பள்ளம் தெரிந்தால் அன்றைக்கே போங்கள். தையல் மேட்டை ஒட்டிய இடம் காய்ந்து மெலிந்திருக்கலாம். கண் திடீரென்று வெளிப்பக்கம் போய், மூக்குப் பக்கம் திரும்பாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். தைத்த தசை நழுவியிருக்கக்கூடும்.